மூன்றாம் மணியும் நான்காம் மணியும்

சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. மயூர் விஹாரில் வெயில் ஆளைக் கொல்கிறது. நானோ கூலரை அணைத்துவிட்டேன். ஃபேனையும் அணைத்துவிட்டேன். குக்கர் வைக்கக் கூடாது என்று காலையிலேயே வீட்டுக்கு உத்தரவு போட்டாயிற்று. பின்னறையில் இஸ்திரி மேஜை மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஒரே ஒரு பொத்தானின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். நெற்றி வேர்வை இறங்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. துடைக்க வழியில்லை.

கதவை லேசாகத் திறந்து தலையை நீட்டினார் என் கணவர் சுந்தர். கரோல்பாகில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசும் தமிழில் பாதிக்கு மேல் ஹிந்தி.

"அரே பாபா, ஏ.சி.யாவது போட்டுக்கோ பகவதி. பேஹோஷ் ஆயி விழுந்துடப் போறே."

"ஏ.சி. சத்தம் கேக்கும். கதவைச் சாத்துங்க, ஜல்தி!"

"எவ்ளோ நேரம்?"

"முக்கால் மணி நேரம். யாரு பெல் அடிச்சாலும் நீங்களே போய்ப் பாருங்க. நடுவுல என்னைக் கூப்பிட்டீங்க, அவ்வளவுதான் சொல்லிட்டேன்."

"அச்சா, அச்சா" என்று தலை வெளியே போய்விட்டது.

ஹெட்போனில் ஒரு பெண் தொண்டையைக் கனைத்தாள். ஜீன். இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில், அங்கே காலைப் பத்தரை மணிக்கு, அவளும் என்னைப் போலவே ஒரு பொத்தானின் மேல் விரலை வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த விரல் இன்னும் எத்தனை வாரம் அவள் சொன்னபடி கேட்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. அதற்குள் நாங்கள் ஒரு காரியத்தை முடித்தாக வேண்டும்.

என்ன காரியம் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். 'இந்தப் பத்தியில் இங்கிலாந்துக் குளிரைப் பற்றி மூன்று வாரம் எழுதினீர்கள், நடுவில் மணி அடிக்கப் போனேன் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்களே' என்று துவாரகாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நழுவியது உண்மைதான். எழுத மனசு வரவில்லை.

சண்டை போடப் போன இடம்

கம்பெனி என்னை நாலு வருடம் அங்கே அனுப்பியபோது நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீடு ஒரு தேவாலயத்தின் முதுகுப் பக்கம். பார்க்க அழகான இடம். செவ்வாய்க்கிழமை மாலை ஆனதும் தெரிந்தது சங்கதி. ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் மணி. ஒரு மணி இல்லை, ஆறு மணிகள். டண் டண் என்று நிற்காமல். மகளுக்கு அப்போது நாலு வயது, தூங்கினால்தானே.

மூன்று செவ்வாய் பொறுத்தேன். நாலாவது செவ்வாய் கிளம்பிவிட்டேன் சண்டைக்கு. இங்கிலீஷில் என்னென்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. கோபுரத்துக்குள் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய சுழல் படி. மூச்சு வாங்க மேலே போய்க் கதவைத் தள்ளினால், வட்டமாக ஆறு பேர் நின்று ஆறு கயிறுகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. என்னை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிறுகள் மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தன. காலடியில் தரை லேசாக அசைந்தது. கோபுரமே அசைகிறது! எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நிறுத்திய பிறகு என் வயதுக்காரி ஒருத்தி வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் என்று பிறகு தெரிந்தது. நான் ஒத்திகை பார்த்த முதல் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அவள் கேட்டாள்:

"ஏட்டி, செவ்வாக்கிழமை ஏழரைக்கு வர முடியுமா? எங்களுக்கு ஒரு ஆளு கொறையுது."

ஜீன் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் அவளை நினைத்தால் எங்கள் திருநெல்வேலித் தமிழில்தான் எனக்குக் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன், அவளுக்கு ஆட்சேபம் இருக்காது.

பாட்டு இல்லை, வரிசை

நம் ஊரில் மணி என்றால் நாக்கை ஆட்டி அடிப்போம். அங்கே மணியையே ஒரு பெரிய சக்கரத்தில் கட்டித் தலைகீழாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கயிற்றை இழுத்தால் மணி ஒரு முழுச் சுற்று சுற்றி, ஒரு முறை ஒலித்து, மறுபடி தலைகீழாக நிற்கும். அடுத்த இழுப்பில் எதிர்ப் பக்கமாகச் சுற்றும். என் மூன்றாம் மணி ஒரு காரளவு கனம். நினைத்த நேரத்துக்கு அதை அடிக்க முடியாது. கொஞ்சம் முந்தலாம், கொஞ்சம் பிந்தலாம். அவ்வளவுதான் அது நமக்குத் தரும் சலுகை.

அதனால் பாட்டு வாசிக்க முடியாது. வரிசைதான் மாற்ற முடியும். ஆறு மணியும் ஒன்று முதல் ஆறு வரை ஒரு முறை ஒலித்தால் ஒரு வரிசை. அடுத்த வரிசையில் பக்கத்துப் பக்கத்து மணிகள் இடம் மாறிக்கொள்ளலாம், அதுவும் ஒரே ஒரு இடம். அதற்கடுத்ததில் இன்னொரு இடம். இப்படி ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடம் உண்டு. முன்னால் போய், பின்னால் வந்து, மற்ற மணிகளைக் குறுக்கே கடந்து போகிற தடம். எல்லாம் மனப்பாடம். காகிதம் பார்க்கக் கூடாது.

நான் எண்ணுவது தமிழில். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்க்குள் முணுமுணுப்பேன். என் இடது பக்கம் நிற்கும் ஜீன் நாலாம் மணி. ஒரு வருடத்தில் அவள் என்னோடு சேர்ந்து 'நாலு' மட்டும் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

இப்படி ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் வரிசைகளை நிறுத்தாமல், தப்பில்லாமல் அடித்து முடித்தால், 'பீல்' என்னும் முழு அடிப்பில் கால் பங்கு என்பதால், அதற்கு 'கால் பீல்' என்று பெயர். முக்கால் மணி நேரம் ஆகும். அடித்தவர்கள் பெயரோடு பதிவாகும். நடுவில் குழம்பினால் அவ்வளவு நேரம் அடித்ததும் கணக்கில் இல்லை. முக்கால்வாசி முடித்தோமே என்று அழுதாலும் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

நாங்கள் டெல்லி திரும்புவதற்கு முந்தின வாரம், எனக்கு வழியனுப்பு விழாவாக ஒரு கால் பீல் அடிக்க ஏற்பாடு செய்தாள் ஜீன். நடத்தியவர் ராபின், ஊர்ப் பல் டாக்டர். நாற்பது நிமிடம் தேர் போல ஓடியது. கடைசி ஐந்து நிமிடத்தில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அடுத்த செவ்வாய் இந்தக் கயிற்றை யார் பிடிப்பார்கள்? அந்த நினைப்பில் ஒரு இடம் தவறினேன். அதைச் சரி செய்யப் போய் இன்னொன்று. ஆறு மணியும் தட்டுமுட்டுச் சாமான் உருண்ட மாதிரி குழம்பி, ராபின் "நில்!" என்று கத்திவிட்டார்.

பரவாயில்லை, பரவாயில்லை என்றார்கள் எல்லோரும். ஜீன் மட்டும் படியிறங்கிப் போய்விட்டாள். விமானம் ஏறும் நாளில்தான் வந்தாள், கட்டிக்கொண்டாள். "அஞ்சு நிமிசம்ட்டி" என்றாள். "வெறும் அஞ்சு நிமிசம்."

டெல்லியில் மணிகள்

திரும்பி வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த ஊரில் மணிக்கா பஞ்சம்? குல்ஃபிக்காரர் மணி, சைக்கிள் ரிக்‌ஷா மணி, மந்திர் மார்க் பக்கம் போனால் பள்ளிக்கூட மணி. கோயிலில் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் ஒரு அடி அடித்துவிட்டுப் போகிறார்கள். நான் தூணோரம் நின்று காத்திருப்பேன். ஒன்று அடித்தது, இரண்டாவது எங்கே? இப்போது வந்தது, பிந்திவிட்டது. மூன்றாவது முந்துகிறது.

"சாமியைப் பாரு பகவதி, சீலிங்கைப் பார்க்காதே" என்பார் சுந்தர். "எல்லாரும் திரும்பித் திரும்பி நம்மளையே தேக்குறாங்க."

அவரிடம் என்ன சொல்வது? ஈரக் கம்பளிக் கோட்டு வாசனை எனக்கு வேண்டும். கயிற்றில் கை படும் இடத்தில் இருக்கும் அந்தக் கம்பளிப் பிடி உள்ளங்கையில் வேண்டும். அடித்து முடித்த பிறகு கிடைக்கும் நமுத்துப்போன பிஸ்கட் வேண்டும். சுழல் படியில் எனக்கு முன்னால் இறங்கும் ஜீனின் சாவிக்கொத்துச் சத்தம் வேண்டும். ஆபீஸ் மீட்டிங்கில் என் கை மேஜைக்கு அடியில் தானாக மேலும் கீழும் போகும். பக்கத்தில் இருக்கும் பையன் "மேடம், ஆர் யூ ஓகே?" என்று கேட்டிருக்கிறான்.

விரல்

சென்ற கோடையின் தொடக்கத்தில் ஜீன் போன் செய்தாள்.

"பாகி, எங் கையி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு" என்றாள். பகவதி அவளுக்கு எப்போதும் பாகிதான்.

நரம்பு வியாதி. முதலில் இடது கட்டை விரல், பிறகு கை, பிறகு அடுத்த கை. பஸ் ஓட்டுவதை நிறுத்தியாயிற்று. கயிற்றை விட்டு ஆறு மாதம். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் இருக்கிறதாம். ஆறு பேர் ஆறு வீட்டிலிருந்து ஆறு மணி அடிக்கலாம். பொத்தானை அழுத்தினால் போதும். அதில் அடித்தாலும் கால் பீல் கால் பீல்தான், பதிவு உண்டு.

"வலது ஆள்காட்டி விரலு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. அது போறதுக்குள்ள உங்கூட ஒண்ணு முழுசா அடிக்கணும்ட்டி. நீ கெடுத்தியே, அது."

"நான் கெடுத்ததுதான்" என்றேன். போனை வைத்துவிட்டு பால்கனியில் நின்று அழுதேன். கீழே வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் கவலைப்படவில்லை.

இதில் ஒரு தொல்லை உண்டு. நான் மயூர் விஹாரில் அழுத்துவது அவர்களுக்குச் சற்றுப் பிந்தித்தான் கேட்கும். அதனால் என் காதுக்குச் சரியாகப் படும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் அழுத்த வேண்டும். காதை நம்பினால் கெட்டேன். இரண்டு மாதம் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் பழகினேன்.

முதல் சனிக்கிழமை இருபதாம் நிமிடத்தில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் வருவதற்குள் வைஃபை செத்துப் பிழைத்தது. எல்லாம் போச்சு. இரண்டாம் சனிக்கிழமை ராபினே தடுமாறினார். ஜீனுக்கு ஒவ்வொரு வாரமும் விரல் கனத்துக்கொண்டே வந்தது. சனிக்கு சனி அவள் அடி துளித்துளியாகப் பிந்துவது எனக்குத் தெரிந்தது.

மூன்றாவதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன சனிக்கிழமை.

தடம் மாறியது

அரை மணி நேரம் அருமையாகப் போயிற்று. கதவுக்கு வெளியே யாரோ பெல் அடித்ததும், சுந்தர் "ஷ்ஷ், பையா, பாத் மே ஆனா" என்று கிசுகிசுத்து ஆளைத் திருப்பி அனுப்பியதும் கேட்டது. நான் அசையவில்லை.

பிறகு ஒரு இடம். மூன்றும் நாலும் குறுக்கே கடக்கிற இடம். ஜீன் விரல் ஒரு கணம் பிந்தியது. அந்த இடம் காலியாக இருக்கவும் என் விரல் தானாக அதில் போய் அழுத்திவிட்டது. அவள் எனக்கு அடுத்த இடத்தில் அடித்தாள். சத்தத்தில் ஓட்டை இல்லை. கேட்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்கு. ஓடியது.

ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. ஒன்றாம் மணியை நான் மூன்றாவது இடத்தில் கடந்திருக்க வேண்டும். ஐந்தாவது இடத்தில் கடந்தேன். நான் ஜீனின் தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். அவள் என் தடத்தில்.

இது மணி அடிப்பவர்களுக்கு மட்டுமே வரும் தப்பு. அப்போதே நடத்துபவர் கண்டுபிடித்து மாற்றிவிட்டால் மன்னிப்பு உண்டு. முப்பது வரிசை போன பிறகு மன்னிப்பு இல்லை. நியாயமாக நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ராபின் "நில்" என்பார். அத்துடன் முடிந்தது.

நான் சொல்லவில்லை. ஐயோ, எப்படிச் சொல்வேன்? அந்த விரலுக்கு இன்னொரு சனிக்கிழமை உண்டா என்று யாருக்குத் தெரியும்? மறுபடி மூன்றும் நாலும் கடக்கிற இடம் வரட்டும், கமுக்கமாக என் தடத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் மட்டும் திரும்பினால் இரண்டு மணியும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அவளும் அதே கணத்தில் திரும்ப வேண்டும். ஒரு வார்த்தை பேச வழியில்லை.

இடம் வந்தது. நான் பிந்தினேன். ஜீன் முந்தினாள்.

சுத்தமாக, ஒரு அடி பிசகாமல், இருவரும் அவரவர் தடத்துக்கு வந்துவிட்டோம். அவளுக்கும் தெரிந்திருக்கிறது! பத்து நிமிடம் பறந்தது. கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு என்று மணிகள் வரிசையாய் வந்து நின்றன. ஹெட்போனில் ஒரே கூச்சல். யாரோ கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். சுந்தர் கதவைத் திறந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ராபின்" என்றது ஜீன் குரல். "பதிவுக்கு அனுப்பிராதேயும். மூணும் நாலும் தடம் மாறிட்டு. பொறவு நாங்க மாத்திக்கிட்டோம். இது கால் பீல் இல்ல."

கூச்சல் நின்றது. ராபின், "நான் இன்னும் அனுப்பலை ஜீன்" என்றார்.

எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது. எல்லோரும் போன பிறகு அவளிடம் கத்தினேன். "யாருக்குத் தெரியப் போகுது? உனக்காகத்தானே வாயை மூடிட்டிருந்தேன்!"

"தெரியும்ட்டி. அதாம் நான் முந்திச் சொன்னேன். நீ எனக்காகப் பொய் சொன்னா, அப்புறம் ஒவ்வொரு தடவை பேசும்போதும் அது நடுவுல வந்து உக்காந்துக்கிடும்." பிறகு சொன்னாள்: "அடுத்த சனி பாப்போம்."

அடுத்த சனி

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் வந்தோம். ஜீன் மைக்கைத் திறந்து, "விரலு போயிட்டு" என்றாள். அவ்வளவுதான். பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி.

ராபின் மெல்லக் கேட்டார்: "நாலாம் மணியைக் கம்ப்யூட்டரே அடிக்கும்படி வைக்கலாம். அந்த வசதி இருக்கு. வைக்கட்டுமா?"

"வேண்டாம்!" என்று நான் போட்ட கத்தலில் சுந்தர் ஓடி வந்துவிட்டார்.

கடைசியில் ஐந்து பேர் அடித்தோம். நாலாம் மணி ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் ஒலிக்காது. அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்தவர் அடிக்க வேண்டும். நாலின் தடம் முன்னால் போனது, பின்னால் வந்தது, எங்களைக் கடந்தது. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு அடி நேரம் மௌனம், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். ஜீன் மைக்கை மூடவில்லை. அந்த மௌனங்களில் அவள் மூச்சு கேட்டது. இதை யாரும் பதிவு செய்யப் போவதில்லை. முக்கால் மணி நேரமும் அடித்தோம். முடிந்தபோது என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை, அப்படி அழுகை.

"பாகி" என்றாள் ஜீன்.

"சொல்லு."

"அழுதது போதும், கேளு. கடைசிப் பத்து நிமிசம் ரொம்ப அவசரப்பட்டுட்ட. ரெண்டு மூணு தடவை எம் மேல ஏறி அடிச்சிட்ட. எனக்கு எடம் விடுட்டி. நான் இன்னும் அங்கனதான் இருக்கேன்."

சரி என்றேன். மறுபடியும் முதலிலிருந்து அடித்தோம்.